நாட்டுக்கு நாடு மாறும் குத்துச்சண்டைப் பாணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதிகள் எல்லா நாட்டுக்கும் பொதுவாக இருக்கும்போது பாணி மட்டும் ஏன் மாறுகிறது?

இன்றைய குத்துச்சண்டையின் அடிப்படை விதிகள் 1867-இல் இங்கிலாந்தில் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளிலிருந்து வந்தவை. கையுறை, மூன்று நிமிட ரவுண்ட், இடையில் ஒரு நிமிட ஓய்வு, கீழே விழுந்தவர் எழுவதற்குப் பத்து விநாடி ஆகியவை அங்கிருந்துதான் உலகெங்கும் பரவின. ஆனால் ஒரு வீரர் எத்தனை ரவுண்டுக்குத் தன் உடலைத் தயார் செய்கிறார், அவருக்குச் சோறு போடுவது அரசா டிக்கெட் விற்பவரா, நடுவர்கள் எதற்குப் புள்ளி தருகிறார்கள், சிறுவயதில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யாரிடம் கற்றவர் என்பவை நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. பாணி பிறப்பது இவற்றிலிருந்துதான். ஒரு நாட்டாருக்கு ஆவேசம் இரத்தத்திலேயே ஊறியது, இன்னொரு நாட்டாருக்கு நடனம் பிறவிக் குணம் என்றெல்லாம் தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் சொல்வது கேட்கச் சுவையாக இருக்கலாம், எதையும் விளக்குவதில்லை. அவர்கள் சொல்லுக்கு அடங்காத வீரர்கள் ஒவ்வொரு நாட்டிலும் இருக்கிறார்கள் என்பதைக் கீழே பார்க்கலாம்.

பிரிட்டிஷ் பாணி என்று தனியாக ஒன்று உண்டா?

ஒரு காலத்தில் தெளிவாகவே இருந்தது. நிமிர்ந்த உடல், முன்னே நீட்டிய இடக்கை, தாடையருகே காத்திருக்கும் வலக்கை, எதிராளியை இடது நேர்குத்தாலேயே தொலைவில் நிறுத்துதல் என்பது அதன் இலக்கணம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இன்றும் முதல் பாடமாகக் கற்பிக்கப்படுவது இதுதான். ஆனால் ஷெஃபீல்டில் பிரெண்டன் இங்கிள் நடத்திய கூடத்திலிருந்து வந்த நசீம் ஹமீது இரு கைகளையும் இடுப்பளவில் தொங்கவிட்டு, தலையை மட்டும் அசைத்துத் தப்பி, எந்தக் கோணத்திலிருந்தாவது குத்துவார். அந்த இலக்கணத்தில் ஒரு வரிகூட அவரிடம் இல்லை. அவரும் இங்கிலாந்துக்காரர்தான். ஒரே ஒரு வாத்தியார் நினைத்தால் நாட்டின் பாணியை ஒரு தெருவுக்குள் மாற்றிவிட முடியும் என்பதற்கு அந்தக் கூடமே சாட்சி.

கியூப வீரர்களின் பாணியை எப்படி அடையாளம் காண்பது?

கால்களைப் பார்த்தால் போதும். கியூபப் பள்ளியில் பயின்றவர் எதிராளியின் குத்து ஓர் அங்குலம் எட்டாத தொலைவில் நிற்பார். எதிராளி பொறுமையிழந்து முன்னே வரும்போது பின்காலில் எடையை ஏற்றிச் சற்றே சாய்ந்து குத்தைக் காற்றில் விட்டுவிட்டு, அந்தக் கை திரும்புவதற்குள் தன் நேர்குத்தைச் செலுத்திவிட்டு, பக்கவாட்டில் விலகிவிடுவார். இரண்டு குத்துகள், ஒரு விலகல், மீண்டும் அதே தொலைவு. கைகள் தாழ்ந்திருப்பதைப் பார்த்து அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். அவருக்குத் தற்காப்பாக இருப்பது தொலைவுதான், கை அன்று.

இது புரட்சிக்குப் பிறகு திட்டமிட்டு உருவாக்கப்பட்ட பாணி. அதற்கு முன்பும் கியூபா சிறந்த வீரர்களைத் தந்ததுண்டு. 1931-இல் அந்நாட்டின் முதல் உலகச் சாம்பியனான கிட் சாக்லேட்டும், ஐம்பதுகளின் கிட் கவிலானும் அமெரிக்க அரங்குகளில் பணத்துக்காக மோதியவர்கள். 1962-இல் தொழில்முறை விளையாட்டு தடை செய்யப்பட்டதும் ஹோசே நாபொலெஸ், சுகர் ராமோஸ் போன்றவர்கள் மெக்சிகோவுக்குப் போய்ச் சாம்பியன்களானார்கள். நாட்டில் தங்கியவர்களுக்கு ஒலிம்பிக் ஒன்றே இலக்கு. பயிற்சியாளர் அல்சிடெஸ் சகாரா சோவியத், கிழக்கு ஜெர்மனி வல்லுநர்களின் முறைகளை எடுத்துக்கொண்டு, கியூபர்களிடம் ஏற்கெனவே இருந்த லயத்தோடு இணைத்து ஒரு பாடத்திட்டத்தை அமைத்தார். சிறுவர்கள் விளையாட்டுப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டு, மாகாண அளவில் வடிகட்டப்பட்டு, பிளாயா ஹிரோன் என்னும் தேசியப் போட்டியில் மோதவிடப்பட்டார்கள்.

விளைவு எல்லோரும் அறிந்தது. 1972-இல் கியூபாவுக்குக் குத்துச்சண்டையில் முதல் ஒலிம்பிக் தங்கங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றை வென்ற தியோபிலோ ஸ்டீவன்சன் 1976-லும் 1980-லும் அதையே திரும்பச் செய்தார். பெலிக்ஸ் சவோன் 1992 முதல் 2000 வரை தொடர்ந்து மூன்று தங்கம் வென்றார். 1992 பார்சிலோனாவில் இருந்த 12 எடைப் பிரிவுகளில் 7 தங்கங்கள் கியூபாவுக்கே போயின. மூன்று ரவுண்டில் முடிந்துவிடும் போட்டியில், உடலை அதிகம் பணயம் வைக்காமல் ஓரிரு புள்ளிகள் முன்னிலை பெற்று அதைக் காப்பதே அறிவுடைமை. நாட்டின் சார்பில் ஆண்டுக்குப் பலமுறை மோத வேண்டியவர் ஒவ்வொரு முறையும் முகம் கிழிந்து திரும்ப முடியாது.

அந்தத் தடை 2022-இல் தளர்த்தப்பட்டது. கியூப வீரர்கள் மெக்சிகோவில் தொழில்முறை ரிங்கில் ஏறினார்கள். ஆனால் அதற்குள் பல திறமையாளர்கள் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார்கள். 2024 பாரிஸில் குத்துச்சண்டையில் கியூபாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம்.

மெக்சிகோ பாணி என்றால் முன்னேறி முன்னேறி அடிப்பதுதானா?

பொதுவாக அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அதன் உயிர்நாடி முன்னேறுவதில் இல்லை, எதிராளியின் உடற்பகுதியில் அடிப்பதில் இருக்கிறது. குறிப்பாக, கல்லீரலைக் குறிவைக்கும் இடது ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து.

கல்லீரல் வலப்பக்க விலா எலும்புகளின் கீழ்விளிம்பை ஒட்டி இருக்கிறது. வலக்கைக்காரர் இருவர் எதிரெதிரே நிற்கும்போது ஒருவருடைய இடக்கைக்கு நேராக வருவது மற்றவருடைய கல்லீரல். அதை மூடியிருப்பது அவருடைய வலது முழங்கை. எனவே முதலில் முகத்துக்கு ஒரு குத்தை அனுப்பி அந்த முழங்கையை இரண்டு அங்குலம் மேலே தூக்க வைக்க வேண்டும். அதே கணத்தில் இடது பாதத்தைச் சற்று வெளிப்புறமாக வைத்து, முழங்காலை மடக்கி, இடது தோளைத் தாழ்த்தி, கீழிருந்து மேல்நோக்கிச் சாய்வாகக் குத்தைத் திணிக்க வேண்டும். அடி வாங்கியவர் உடனே விழமாட்டார். ஓரிரு விநாடி ஒன்றுமே நடக்காததுபோல் நிற்பார். பிறகு முகம் சுளிந்து, முழங்கால் மடிந்து அமர்வார். தலையில் அடி வாங்கியவருக்கு நினைவு தப்பும். இவருக்கோ நினைவு முழுமையாக இருக்கும், நடுவர் எண்ணுவதும் தெளிவாகக் கேட்கும், உடல்தான் எழ மறுக்கும்.

இந்தக் குத்தைக் கலையாக்கியவர் ஹூலியோ செசார் சாவெஸ். 1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகாஸில் அமெரிக்கரான மெல்ட்ரிக் டெய்லரோடு அவர் மோதியதைப் பார்த்தால் இந்தப் பாணியின் கணக்கு புரியும். டெய்லர் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், மின்னல் வேகக் கைகள். சாவெஸ் ஒரு குத்துவதற்குள் அவர் மூன்று குத்தினார். புள்ளியிடும் மூன்று நடுவர்களில் இருவரின் தாளில் டெய்லர் வெகுவாக முன்னிலையில் இருந்தார். ஆனால் சாவெஸின் ஒவ்வொரு குத்தும் எடையோடு விழுந்தது. கடைசியான 12-வது ரவுண்டில் டெய்லரின் முகம் வீங்கி, கால் தள்ளாடி, ஒரு வலக்கை நேர்குத்தில் அவர் விழுந்தார். எழுந்துவிட்டார்; ஆனால் ரிங்குக்குள் இருந்த நடுவர் கேட்டதற்குச் சரியாகப் பதில் வராததால், முடிய 2 விநாடி இருக்கும்போது சண்டை நிறுத்தப்பட்டது. அந்த முடிவு சரியா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். நிறுத்தியது சரியே என்பது என் கருத்து. கடிகாரத்தைப் பார்ப்பது நடுவரின் வேலை அன்று.

மூன்று ரவுண்ட் போட்டியில் இந்தப் பாணி எடுபடாது, ஏனென்றால் உடலில் விழும் குத்துகள் வட்டியோடு திரும்பி வருவதற்கு நேரம் வேண்டும். ஒலிம்பிக்கில் மெக்சிகோ வென்ற குத்துச்சண்டைத் தங்கங்கள் இரண்டும் 1968-இல் சொந்த மண்ணில் கிடைத்தவை என்பதையும், தொழில்முறைச் சாம்பியன்கள் அங்கே வரிசையாக வந்துகொண்டே இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது விளங்கும். அங்கே இளைஞர்கள் பதின்பருவத்திலேயே பணத்துக்கு மோதத் தொடங்கிவிடுகிறார்கள். பார்ப்பவர் மகிழ்ந்தால்தான் அடுத்த வாய்ப்பு வரும். பின்வாங்கி வெல்பவரைவிட முன்னேறித் தோற்பவருக்கு அங்கே அழைப்பு அதிகம்.

அப்படியானால் எல்லா மெக்சிகோ வீரர்களும் ஒரே மாதிரியா?

இல்லை. ஒரு தோல்வியும் காணாமல் ஓய்வுபெற்ற ரிகார்தோ லோபெஸ் பாடப்புத்தகம்போல நேரான குத்துகளும் சீரான காலடியும் கொண்டவர். ஹுவான் மானுவல் மார்கெஸ் எதிராளியைக் குத்தவிட்டு, அந்தத் தாளத்தைப் படித்து, பதில்குத்து விடுபவர். 2012 டிசம்பரில் மேனி பாக்கியாவோ ஆறாவது ரவுண்டின் கடைசி விநாடிகளில் பாய்ந்து வந்தபோது அவரை முகங்குப்புற வீழ்த்தியது அப்படியொரு பதில்குத்துதான். சால்வதோர் சாஞ்செஸ் 1981 ஆகஸ்டில், அதுவரை 33 சண்டைகளில் தோற்றிராத புவேர்ட்டோ ரிக்கோ வீரர் வில்பிரெதோ கோமெஸை எட்டாவது ரவுண்டில் நிறுத்தினார். அன்று முண்டியடித்து முன்னேறியவர் கோமெஸ். நிதானமாகக் கோணம் மாற்றிப் பதிலடி கொடுத்தவர் மெக்சிகோக்காரர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மெக்சிகன் பாணி என்ற சொற்றொடரைக் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் விளம்பரப்படுத்தியவர் கஜகஸ்தானில் பிறந்த கென்னடி கோலோவ்கின். ஒலிம்பிக் வெள்ளி வென்ற அவர், கலிஃபோர்னியாவில் பயிற்சியாளர் ஏபெல் சாஞ்செஸிடம் சேர்ந்த பிறகு அந்தப் பெயரைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்.

அமெரிக்கப் பாணியை எப்படி வரையறுப்பது?

நாடாக வரையறுக்க முடியாது. நகரம் நகரமாக, கூடம் கூடமாகத்தான் முடியும். இடக்கையை வயிற்றருகே தாழ்த்தி, இடது தோளால் தாடையை மறைத்து, வரும் குத்தைத் தோளில் உருட்டிவிட்டு வலக்கையால் பதில் சொல்லும் தற்காப்பு பிலடெல்ஃபியாவின் பெயரால் வழங்குகிறது. அதை உச்சத்துக்குக் கொண்டுபோன ஃபிளாய்ட் மேவெதர் மிச்சிகனில் பிறந்தவர். அதே பிலடெல்ஃபியா, குனிந்து புகுந்து இடது ஹூக் வீசும் ஜோ ஃபிரேசியரையும் தந்தது. டெட்ராய்ட்டின் கிராங்க் கூடத்தில், புழுங்கும் அடித்தளத்தில், இமானுவல் ஸ்டீவர்ட் உயரமான வீரர்களுக்கு நீண்ட ஜாபையும் (முன்கையால் விடும் நேர்குத்து) அதன் பின்னே வரும் வலக்கையையும் கற்பித்தார். தாமஸ் ஹேர்ன்ஸ் அதன் விளைவு. நியூயார்க் மாநிலத்தில் கஸ் டிஅமாட்டோ இரு கைகளையும் கன்னத்தோடு ஒட்டிவைத்துத் தலையை ஓயாமல் அசைத்தபடி உள்ளே நுழையும் முறையை வகுத்தார். ஃபிளாய்ட் பேட்டர்சனும் மைக் டைசனும் அதில் வளர்ந்தவர்கள். இத்தனை முறைகளும் அருகருகே இருந்து ஒன்றையொன்று சோதித்துக்கொண்டதால் அங்கே எந்தப் பாணிக்கும் மாற்றுமருந்து தெரிந்த ஒரு வாத்தியார் எப்போதும் இருந்தார்.

சோவியத் பள்ளி என்று எதைச் சொல்கிறார்கள்? அது இன்றும் இருக்கிறதா?

சோவியத் ஒன்றியம் 1952-இல்தான் ஒலிம்பிக்கில் நுழைந்தது. குத்துச்சண்டையை அங்கே உடற்கல்வி நிறுவனங்களில் ஓர் அறிவியல் பாடமாக அணுகினார்கள். முன்னும் பின்னும் ஊசல்போல் துள்ளிக்கொண்டே இருந்து, எந்தத் துள்ளலில் தாக்குதல் வரும் என்று எதிராளி கணிக்க முடியாதபடி செய்வது அந்தப் பள்ளியின் கையொப்பம். கியூபர் எதிராளி வரக் காத்திருப்பார். சோவியத் பள்ளியில் பயின்றவர் தானே உள்ளே போய், குத்தி, வெளியே வந்துவிடுவார். 1964-லும் 1968-லும் தங்கம் வென்ற போரிஸ் லகூதின், 1964-இன் சிறந்த வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையைப் பெற்ற வலேரி பொபென்சென்கோ ஆகியோர் அந்தக் காலத்தவர்கள்.

ஒன்றியம் உடைந்த பிறகும் பள்ளி உடையவில்லை. உக்ரைனின் வாசில் லோமசென்கோ 2008, 2012 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றவர். பயிற்சியாளரான அவருடைய தந்தை அனடோலி, மகனைச் சிறுவயதில் சில ஆண்டுகள் மரபு நடனம் கற்க அனுப்பினார். அதன் பயன் அவர் பாதங்களில் தெரியும். இடக்கைக்காரரான அவர் தன் வலது பாதத்தை எதிராளியின் இடது பாதத்துக்கு வெளியே வைத்து, ஒரு குத்து விட்டதும் அந்தப் பாதத்தை அச்சாக்கிச் சுழன்று எதிராளியின் தோள்பக்கம் போய்விடுவார். எதிராளி திரும்பும்போது அவர் எதிரே இருக்கமாட்டார். அதே அனடோலியிடம் பயின்ற ஒலெக்சாந்தர் உசிக் 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரியை வென்று கனரகப் பிரிவின் எல்லாப் பட்டங்களையும் ஒன்றுசேர்த்தார். தன்னைவிட மிகப் பெரிய உடல்கொண்ட எதிராளியை அவர் தளர வைத்ததில் கால்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

மத்திய ஆசியாவில் இந்த மரபு இன்னும் வலுவாக இருக்கிறது. வெல்டர்வெயிட் பிரிவில் 2004 முதல் 2016 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்றது கஜகஸ்தான், நான்கும் வெவ்வேறு வீரர்கள். 2024 பாரிஸில் உஸ்பெகிஸ்தானின் ஆண்கள் அணி 5 தங்கங்களை அள்ளியது. உஸ்பெக் வீரர்கள் தொழில்முறைச் சண்டையையும் கூடவே தொடர்வதால், குத்துகளில் பழைய சோவியத் வீரர்களைவிட எடை கூடியிருக்கிறது.

மதிப்பெண் முறை மாறினால் பாணியும் மாறுமா?

மாறும், மாறியது. 1988 சியோலில் ராய் ஜோன்ஸ் ஜூனியர் தெளிவாக வென்ற இறுதிப் போட்டியில் தங்கம் கொரிய வீரருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த அவமானத்தைத் தொடர்ந்து 1992 ஒலிம்பிக்கில் கணினிமுறை வந்தது. ஐந்து நடுவர்களில் மூவராவது ஏறத்தாழ ஒரே விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு குத்து புள்ளியாகும். தலையைப் பின்னே துள்ளவைக்கும் நேர்குத்து எல்லோர் கண்ணிலும் படும். நெருங்கி நின்று வயிற்றில் ஹூக் விடும்போது இரண்டு நடுவர்களுக்கு வீரரின் முதுகுதான் தெரியும். ஆகவே உடற்குத்து ஒலிம்பிக் போன்ற அமெச்சூர் போட்டிகளின் ரிங்கிலிருந்து மெல்ல மறைந்தது. தொட்டுவிட்டு ஓடும் பாணி ஓங்கியது. 2013-இல் தொழில்முறையைப் போன்ற பத்துப் புள்ளி முறைக்கு (ரவுண்டை வென்றவருக்குப் பத்து, மற்றவருக்கு அதைவிடக் குறைவு) மாறி, ஆண்களுக்குத் தலைக்கவசமும் நீக்கப்பட்டதும், அழுத்தம் கொடுத்து முன்னேறுபவர்கள் மீண்டும் பதக்கம் வெல்லத் தொடங்கினார்கள்.

தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், ஜப்பான் வீரர்களைப் பற்றி?

தாய்லாந்தில் பெரும்பாலோர் முய் தாயிலிருந்து வருகிறவர்கள். உதைகளுக்கும் முழங்கால் தாக்குதலுக்கும் அஞ்சிப் பழகிய உடல் என்பதால் நிமிர்ந்து நிற்பார்கள், தலையைத் தாழ்த்தமாட்டார்கள். ஆனால் அடியைத் தாங்கும் உரம் அபாரமானது. முய் தாயில் பெயர்பெற்ற சேன்சக் முவாங்சுரின் 1975-இல் தம் மூன்றாவது தொழில்முறைச் சண்டையிலேயே உலகப் பட்டம் வென்றார். பிலிப்பைன்ஸ் வீரர்களிடம் எதிர்பாராத கோணத்திலிருந்து வேகமாகப் பாய்ந்து குத்தும் பழக்கம் மிகுதி. எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற பாக்கியாவோ அதன் முழுவடிவம். ஜப்பானின் நவோயா இனோவேயிடம் அமெச்சூர் நேர்த்தியும் மெக்சிகோக்காரர்களே பாராட்டும் கல்லீரல் குத்தும் ஒருங்கே இருக்கின்றன.

ஆப்பிரிக்காவில் குறிப்பிடத்தக்க மரபு எது?

கானா தலைநகர் அக்ராவின் புக்கோம் பகுதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடற்கரையை ஒட்டிய, மீனவர்களான கா இனத்தவர் நெருங்கி வாழும் சிறிய பேட்டை அது. ஐரோப்பியக் குத்துச்சண்டை வருமுன்பே அசாஃபோ அட்வெலே என்னும் கைச்சண்டை மரபு அங்கே இருந்தது. அசுமா நெல்சன் 1984 டிசம்பரில் புவேர்ட்டோ ரிக்கோவுக்கே போய் வில்பிரெதோ கோமெஸை 11-வது ரவுண்டில் வீழ்த்திப் பட்டத்தைக் கொண்டுவந்தார்.

இந்தியாவுக்கென்று ஒரு பாணி உண்டா? வடசென்னை எந்த வகையில் சேரும்?

இந்திய அணியின் பயிற்சி பெரிதும் பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தையும் இராணுவ அணிகளையும் மையமாகக் கொண்டது. 1990-இலிருந்து பல ஆண்டுகள் இந்தியர்களுக்குக் கற்பித்து, 2012-இல் துரோணாச்சாரியார் விருது பெற்ற பி.ஐ. ஃபெர்னாண்டஸ் ஒரு கியூபர். 2008-இல் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங்கின் நீண்ட இடக்கையிலும் தொலைவு காக்கும் பொறுமையிலும் அந்தப் பள்ளியின் சாயல் இருந்தது. தனித்த இந்தியப் பாணி என்று ஒன்றை இன்னும் சுட்டிக்காட்ட இயலாது என்றே கருதுகிறேன்.

வடசென்னையின் கதை வேறு. துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் வெள்ளையர் வழியாக வந்த சண்டையை உழைக்கும் மக்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை எனப் பரம்பரைகளாகப் பிரிந்து மோதினார்கள். வாத்தியார் வழியே நுணுக்கங்கள் கைமாறின. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டியில் மோதினார். 1994-இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற வி. தேவராஜன் சென்னைக்காரர். அமைப்பளவில் பார்த்தால் இந்தப் பரம்பரை முறை அரசுப் பள்ளிகளால் ஆன கியூபாவைவிட, கூடத்தின் பெயரால் வீரரை அடையாளம் காணும் பிலடெல்ஃபியாவுக்கும் புக்கோமுக்கும் நெருக்கமானது.

இவற்றில் எந்தப் பாணி சிறந்தது?

எத்தனை ரவுண்ட், எந்த நடுவர், எவ்வளவு கண்டிப்பு என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. 2014 மார்ச் மாதம் சான் அன்டோனியோவில் நடந்த சண்டையைப் பாருங்கள். இரண்டு ஒலிம்பிக் தங்கங்களோடு வந்த லோமசென்கோவுக்கு அது இரண்டாவது தொழில்முறைச் சண்டைதான். எதிரே நின்ற மெக்சிகோவின் ஒர்லாந்தோ சலிதோ பல தோல்விகளைக் கண்டவர். எடை வரம்பைத் தாண்டியதால் பட்டத்தையும் ஏற்கெனவே இழந்திருந்தார். ஆனால் அவர் லோமசென்கோவைச் சுழலவிடவில்லை. நெருங்கி ஒட்டிக்கொண்டு, இடுப்பிலும் அதற்குக் கீழேயும் ஓயாமல் அடித்தார். நடுவர் பெரும்பாலானவற்றைக் கண்டுகொள்ளவில்லை. மூன்று ரவுண்ட் பள்ளியில் தேறியவர் முதல் பாதி முழுவதும் எதிராளியைப் படிப்பதிலேயே செலவிட்டு, கடைசி ரவுண்டில் சலிதோவைத் தள்ளாட வைத்தும், பிளவுபட்ட தீர்ப்பில் (மூன்று நடுவர்களில் இருவர் எதிராளிக்கும் ஒருவர் அவருக்கும் வெற்றி தந்ததில்) தோற்றார். மூன்று மாதம் கழித்து கேரி ரசல் ஜூனியரோடு மோதியபோது லோமசென்கோ முதல் ரவுண்டிலிருந்தே உடலில் குத்தத் தொடங்கியிருந்தார்.